பியூலா வீட்டிலிருந்து வெளியே போன வைஃபை

பியூலாவின் லேப்டாப் தூங்கி எழும்போதெல்லாம் அதற்குள்ளிருந்த வைஃபை மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறது என்ற விஷயம் கொன்றைக் குடியிருப்பின் நாலு பிளாக்குக்கும், அறுபத்து நாலு வீட்டுக்கும் தெரிய மூன்று நாள் ஆயிற்று. அதிலும் முதல் இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததால்தான் அவ்வளவு தாமதம். இல்லையென்றால் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் இட்லி மாவு பொங்கி வழிந்த சேதி அடுத்த தெருவுக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை.

மகன் வேலை மாறியபோது தன் பழைய லேப்டாப்பைத் துடைத்து அம்மாவுக்கு அனுப்பிவைத்தான். அதில் பியூலா முதல் காரியமாகச் செய்தது ஒரு விண்ணப்பம் போட்டதுதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கிருந்தே கணக்குச் சொல்லித் தருகிற வேலை. எம்.எஸ்ஸி. கணிதம் படித்து, தான் படித்த கான்வென்டிலேயே பதினோரு மாதம் டீச்சராக இருந்து, பன்னிரண்டாம் மாதம் கல்யாணமாகி வந்தவள் அவள். இருபத்தாறு வருஷமாக அந்தச் சான்றிதழ் பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவைக்கும் மகனின் தடுப்பூசி அட்டைக்கும் நடுவே படுத்துக் கிடந்தது. அதை அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்த்து, லேப்டாப்பையும் தூரத்திலிருந்தே சோதித்துப் பதிவு செய்துகொண்டு, பதினெட்டு நாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்றும், பதிவு செய்த இதே இயந்திரத்தில்தான் வர வேண்டும் என்றும், கைபேசியோ இரவல் லேப்டாப்போ கூடாது என்றும், ஐந்து நிமிஷம் தாமதமானால் விண்ணப்பம் ரத்து என்றும் கறாராக எழுதியிருந்தார்கள். கறாரான ஆட்களைப் பியூலாவுக்குப் பிடிக்கும். ஆனால் மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால், வைஃபை இருக்க வேண்டிய மூலையில் ஒரு சின்ன உருண்டையும் அதன் மேல் ஒரு பெருக்கல் குறியும் மட்டும் இருந்தன. கூடத்துச் சுவரில் இருந்த வைஃபைப் பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. கொடுக்கிற கை நீட்டியபடி இருக்கிறது, வாங்குகிற ஆளைத்தான் காணவில்லை.

கீழ்வீட்டு ஜமீலா படியேறி வந்தது மூன்றாம் நாள்.

"அக்கா, எங்க கிரைண்டருக்குள்ள ஒரு வைஃபை வந்து உக்காந்திருக்கு. உங்களுதான்னு பாத்துச் சொல்லுங்க."

"கிரைண்டர்லயா?"

"ஆமா. மாவு ஓடுறப்ப நாலு கோடும் வருது. நிறுத்துனா மூணு."

"என்னோடதுதான். காலைலேர்ந்து எங்க போய்த் தொலைஞ்சதுன்னு தேடிட்டு இருக்கேன்" என்று பியூலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். போய்ப் பார்த்தால் கூடத்தில் ஏற்கெனவே ஏழு பேர் கிரைண்டரைச் சுற்றி உட்கார்ந்து கைபேசியில் மூழ்கிக் கிடந்தார்கள். கொன்றைக் குடியிருப்பு பழைய குளத்தைத் தூர்த்துக் கட்டியது, பள்ளத்தில் இருப்பதால் எந்தக் கைபேசிக் கோபுரத்தின் கண்ணிலும் படாது, மாடி ஏறி நின்று தலைக்கு மேல் கையைத் தூக்கினால்தான் யாரோடும் பேச முடியும் என்பதால், ஒரு கிரைண்டர் இப்படி வாரி வழங்கும்போது வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் இருக்கும் என்றுதான் கேட்டார்கள்.

பியூலா கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, தேதி எழுதி, அடியில் சிவப்பு மையால் கோடிட்டு, செய்து பார்த்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள், முதல் நாலு தடவை ஓடி வந்தது, ஐந்தாம் தடவை வரவில்லை. ஏரோப்ளேன் படம் போட்ட பொத்தானை அமுக்கி விடுவித்துப் பார்த்தாள், ஏரோப்ளேன் போனது, வைஃபை வரவில்லை. வைஃபையை ஓட்டுகிற டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழுது பார்க்கிற செந்தூர்பாண்டியிடம் போனாள். அவர் ஆணிகளைக் கழற்றி, கட்டைவிரல் நகத்தளவு இருந்த வைஃபைக் கார்டை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கார்டு நல்லாத்தான் இருக்கு. ஆளு வெளிய போயிருக்கு, அவ்வளவுதான்."

"அது எனக்கே தெரியும். எதுக்குப் போகுது?"

"தூங்கி எந்திரிச்சா போகத்தானம்மா செய்யும்? வேணும்னா புதுசு போட்டுத் தாரேன்."

புதுக் கார்டு இரண்டு நாள் மருமகள் மாதிரி அடக்கமாக வீட்டோடு இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் போயிற்று. மறுபடி போய் நின்றபோது செந்தூர்பாண்டி, "அப்ப ஒண்ணுதான் வழி, தூங்க விடாதீங்க" என்றார்.

"நான் தூங்காம இருக்கணுமா, அது தூங்காம இருக்கணுமா?"

"ரெண்டு பேரும்தான்."

ஆனால் ஞானசிகாமணி இருக்கிற வீட்டில் எதையும் தூங்காமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டரைக் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற பியூலாவின் கணவர், ஆள் இல்லாத அறையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர். நடக்கும்போதே அவர் வலது கை தானாகச் சுவரைத் தடவிச் சுவிட்சுகளைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். பியூலா குளித்துக்கொண்டிருக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு "உள்ள ஆளிருக்கா?" என்று கேட்பார். அவள் அடுப்படியில் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் லேப்டாப் மூடியிருக்கும், சார்ஜர் கழன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும்.

"அத்தான், அதைத் தொடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியாச்சு?"

"சும்மா எரிஞ்சிட்டு இருந்துச்சேன்னு..."

"எரியல. முழிச்சிட்டு இருக்கு."

"ஆளில்லாம எதுக்கு முழிக்கணும்?"

இதற்குள் குடியிருப்புக்கு வைஃபையின் குணம் பிடிபட்டுவிட்டது. காலையில் அதற்குச் சூடான, இரைகிற சாமான்கள் பிடிக்கும், மழை பெய்தால் தண்ணீர்த் தொட்டி மோட்டாரில் போய் ஒடுங்கிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் ஜன்னலோரம் தங்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு நாள் அது துணி தேய்க்கிற இசக்கியம்மாளின் இஸ்திரிப் பெட்டிக்குள் போய் உட்கார, அன்றைக்குத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர்களெல்லாம் சாயங்காலம்வரை நடமாடும் கோபுரங்களாகத் திரிந்தார்கள். மறுநாள் ஏற்கெனவே தேய்த்த துணிகளையே கசக்கி எடுத்துக்கொண்டு தள்ளுவண்டி முன் வரிசை நின்றது. இன்னொரு நாள் ஏ பிளாக் செல்லக்கனியின் வீட்டுக்கும் அவள் ஓரகத்தி பத்மாவதியின் வீட்டுக்கும் நடுச்சுவரில் போய் அது செருகிக்கொண்டது. ஒரு குழாய்த் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசாத அந்த இரண்டு பேரும் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, "இங்க ரெண்டு கோடு, அங்க எத்தனை?" என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

சங்கச் செயலாளர் நம்பிராஜன் கூட்டம் போட்டார். வைஃபை வந்து தங்குகிற வீட்டார் உடனே பால்கனியில் ஒரு சிவப்பு வாளியைத் தொங்கவிட வேண்டும், போனவுடன் இறக்கிவிட வேண்டும், கதவைச் சாத்தி அதை அடைத்து வைக்கக் கூடாது, துடைப்பத்தைக் காட்டி விரட்டக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. டி பிளாக்குக்கு அது ஒரு தடவைகூட வரவில்லை, இதில் பாரபட்சம் இருக்கிறது என்று டி பிளாக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். பக்கத்துக் கடையில் சிவப்பு வாளி தீர்ந்துபோய் மதுரையிலிருந்து தருவித்தார்கள்.

எல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கப் போகிற நேரத்தில் பியூலா கையைத் தூக்கினாள்.

"உங்க எல்லாருக்கும் அது வேடிக்கை. எனக்கு வெள்ளிக்கிழமை. மத்த நாள் அது எந்தக் கிரைண்டருக்குள்ள வேணும்னாலும் போகட்டும், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு என் வீட்டுல வேணும். இருபத்தாறு வருஷம் கழிச்சு ஒரு கதவு தொறந்திருக்கு, அதுவும் அஞ்சு நிமிஷத்துல மூடிருமாம்."

எழப்போனவர்களெல்லாம் மறுபடி உட்கார்ந்தார்கள். பிறகு நம்பிராஜன், "அதுக்கென்னம்மா, தீர்மானமாவே போட்டுருவோம்" என்றார். வெள்ளிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை மேற்படி வைஃபை ஏ பிளாக் மூன்றாம் மாடியைவிட்டு நகரக் கூடாது என்று தட்டச்சு செய்து மாடிப்படி முகப்பில் ஒட்டினார்கள்.

"அது இதைப் படிக்குமா?" என்றாள் பியூலா.

"கீழ முத்திரை குத்தியிருக்கேன்லா?" என்றார் நம்பிராஜன்.

இசக்கியம்மாளுக்கு வேறு யோசனை இருந்தது. இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "நீங்க திட்டுதீங்கக்கா, அதான். வெளிய கெளம்புற ஆளப் பின்னாலயே கூப்பிட்டு 'எங்க போற, எங்க போய்த் தொலைஞ்ச'ன்னு கேட்டா போற காரியம் வெளங்குமா, திரும்பி வரத்தான் மனசு வருமா? 'போயிட்டு வா'ன்னு வாய் நெறையச் சொல்லிப் பாருங்க."

கான்வென்டில் படித்தவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுநாள் லேப்டாப்பைத் திறக்கும்போது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தண்ணீர் கலந்த பாலைக் கொண்டுவந்தவனிடம் பேசுகிற குரலில், "போயிட்டு வா" என்றாள். அது போயிற்று. வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. எட்டு மணிக்குத் திறந்தபோது, தீர்மானத்தைப் படித்துவிட்டதோ என்னவோ, வைஃபை உள்ளேயே இருந்தது. பியூலா நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விரலால் தொட்டு அசைத்தாள். இடது கையால் வெங்காயம் உரித்தாள், வலது கையால் அதை விழிப்பில் வைத்தாள். ஒன்பதரைக்கு அவளுக்குக் கால் நிலைகொள்ளவில்லை, பத்து மணிக்கு உட்கார்ந்த நாற்காலியே சுட்டது. பத்தேகாலுக்குப் புடவை மாற்ற உள்ளே போனாள். "கழுத்துக்கு மேலதான தெரியும், எதுக்குப் புதுப்புடவை?" என்று கூடத்திலிருந்து கேட்ட ஞானசிகாமணியின் குரல் நடந்துகொண்டே கேட்ட குரல் என்பதை அவள் கவனித்திருக்க வேண்டும். கொசுவத்தை இடுப்பில் செருகும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. லேப்டாப் மூடுகிற சத்தம்.

அவள் ஓடி வந்து திறந்தாள். உருண்டை, அதன் மேல் பெருக்கல் குறி.

"அத்தான்!"

"யாரும் இல்லையேன்னு..." என்று சொல்லிக்கொண்டே அவர் தன் வலது கையைத் தானே பார்த்தார், அது யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

பியூலா அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரியும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பின் உள்ளே உள்ளே உள்ளே இறங்கினாள், ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் கார்டின் பெயர், அதைத் திறந்தால் நாலைந்து தாள்கள் வரிசையாக, கடைசித் தாளில் ஒரே ஒரு வரி. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இந்தக் கருவியை அணைத்து வைக்கலாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் முன்னால் ஒரு சதுரம். சதுரத்துக்குள் ஒரு டிக்.

"இதை யார் போட்டது?"

ஞானசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பெருமையாகவே சொன்னார்: "நான்தான். லேப்டாப் வந்த அன்னைக்கே பூரா கிளறிப் பாத்தேன். மிச்சம்னு போட்டிருந்துச்சு, போட்டுட்டேன். புதுக் கார்டு வந்தப்பவும் ஒரு வாட்டி போட்டேன்."

"பதினெட்டு நாளா ஊரே தேடுதே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மிச்சம் பிடிக்கிறது தப்புன்னு யார் நினைப்பா, பியூலா?"

அவள் அந்த டிக்கை எடுத்தாள். எடுத்ததும் அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சுரீரென்று என்னவோ ஓடியது, கோபம்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் இனிமேல் போகாது என்பதற்கும் ஏற்கெனவே போனது திரும்பி வரும் என்பதற்கும் சம்பந்தமில்லை. பெருக்கல் குறி அப்படியே இருந்தது, அது மாறுகிறதா என்று காத்திருக்க நேரமில்லை. மணி பத்து முப்பத்தைந்து. முந்தானையைத் தோளில் குத்தக்கூட நில்லாமல் அவள் படியிறங்கினாள்.

"ஜமீலா, இங்க இருக்கா?"

ஜமீலா கைபேசியைப் பார்த்தாள். "இருக்குக்கா! நாலு கோடு!"

"பிடிச்சு வை, இந்தா லேப்டாப்பைத் தூக்கிட்டு வாரேன்" என்று ஓடினாள். அவள் நாலு படி ஏறுவதற்குள் ஜமீலா பின்னாலிருந்து கத்தினாள்: "போயிருச்சுக்கா!" பியூலா திரும்பினாள், செல்லக்கனி வீட்டுக்குள் நுழைந்தாள், இருந்தது, வெளியே வந்தாள், போயிற்று. பத்மாவதி வீட்டில் இருந்தது, வாசலைத் தாண்டியதும் இல்லை. பி பிளாக்கில் நாலு வீடு, சி பிளாக்கில் ஆறு வீடு, போகிற வீட்டிலெல்லாம் "இந்தா இருக்கு" என்றார்கள், திரும்புகிற வாசலிலெல்லாம் "இப்பதான் போச்சு" என்றார்கள். அது தன்னை வேண்டுமென்றே அலைக்கழிக்கிறது என்று அவளுக்குப் பட்டது. டி பிளாக்கில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, முதல் தடவையாகத் தங்கள் பக்கம் வைஃபை வந்ததென்று கைதட்டியே விட்டார்கள். பத்து ஐம்பத்து மூன்றுக்கு நடு முற்றத்தில் கொன்றை மரத்தடியில் நின்று, இடுப்பில் கையை ஊன்றி, வானத்தைப் பார்த்து, "என்னதான் வேணும் உனக்கு?" என்று கத்தினாள்.

நம்பிராஜன் அப்போது மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானப்படி எல்லோரும் வாளியைத் தொங்கவிட்டிருந்தார்கள், பதற்றத்தில் ஒருவரும் இறக்கவில்லை. நாலு பிளாக்கிலும் மாடி மாடியாகச் சிவப்பு வாளிகள் காற்றில் ஆடின. அவர் விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார், ஜமீலா, செல்லக்கனி, பத்மாவதி, பி, சி, டி.

"யம்மா," என்றார் மெதுவாக, "வாளியெல்லாம் நீங்க போன வழியிலயே தொங்குது."

பின்னாலேயே ஓடி வந்திருந்த ஜமீலா தன் கைபேசியைப் பியூலாவின் தோளருகே கொண்டுவந்தாள். நாலு கோடு. பின்னுக்கு எடுத்தாள். மூன்று. இன்னும் பின்னுக்கு. இரண்டு.

"அக்கா, உங்ககிட்டதான் இருக்கு."

"என்கிட்டயா?"

"உங்களுக்குள்ள."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்று பியூலா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் லேப்டாப் கேட்காமலே பிடித்துக்கொண்டது, பெருக்கல் குறி கரைந்தது, பத்து ஐம்பத்தொன்பதுக்குத் திரையில் ஒரு பெண் முகம் வந்தது. தன் மகன் வயதுகூட இராது அந்தப் பெண்ணுக்கு.

"வணக்கம் மேடம். உங்க விவரத்துல இருபத்தாறு வருஷம் இடைவெளி இருக்கு. அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

பியூலா சுவரோரமாகப் பார்த்தாள். ஞானசிகாமணி சுவிட்சுப் பலகைக்குக் கீழே இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார்.

"என்னை மிச்சம் பிடிச்சு வச்சிருந்தாங்க" என்றாள். "வகுப்பை ஆரம்பிக்கலாமா?"

நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள், அதைக் கோணல்மாணலான முக்கோணமாக வெட்டினாள், மூன்று மூலைகளையும் கையாலேயே பிய்த்தாள். "எப்படி வேணும்னாலும் வெட்டு, ஒல்லியா வெட்டு, குண்டா வெட்டு, எனக்குக் கவலையில்லை. இந்த மூணு மூலையையும் ஒரே இடத்துல முட்ட வை. கீழ என்ன வருது? நேர்கோடு. ஒரு தடவையாவது வராம இருக்கான்னு நீயே வெட்டிப் பாத்துச் சொல்லு, நான் சொல்றேன்னு நம்பாதே." குரல் பழைய கரும்பலகைக் குரலாக உயர்ந்தது. பின்னாலேயே வந்து மாடிப்படியில் அடிமுதல் நுனிவரை நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் செருமக்கூட இல்லை. இசக்கியம்மாள் துணி சுற்றி வந்த செய்தித்தாளைக் கிழித்து மூலைகளைச் சேர்த்துப் பார்த்து, பக்கத்திலிருந்தவளை இடித்து, "ஆமா, வருதுட்டி" என்று கிசுகிசுத்தாள்.

நாற்பது நிமிஷம் முடிந்ததும் திரையிலிருந்த பெண் தன் மேஜையிலும் மூன்று காகித மூலைகளைச் சேர்த்து வைத்திருந்தது தெரிந்தது. "திங்கட்கிழமை நாலு மணிக்கு உங்க முதல் வகுப்பு, மேடம்" என்றாள்.

படிக்கட்டே எழுந்து ஆரவாரம் செய்தது. டி பிளாக்காரர்கள் உடனே ஒரு கோரிக்கை வைத்தார்கள், அக்கா தினமும் ஒரு மணி நேரம் தங்கள் பக்கம் வந்து உட்கார வேண்டும் என்று. "வகுப்பு இல்லாதப்ப வேணும்கிறவங்க இங்க வாங்க, செருப்பை வெளிய விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பியூலா கொட்டாவி விட்டாள். பதினெட்டு நாளாக அவள் மத்தியானத்தில் கண்ணை மூடவில்லை. கொட்டாவியைப் பார்த்ததும் ஆரவாரம் அப்படியே அடங்கிற்று.

"அக்கா, தூங்கப் போறீங்களா?" என்றாள் ஜமீலா.

"ஆமா."

"தூங்கி எந்திரிச்சா அது போயிருமேக்கா! திங்கட்கிழமைவரைக்கும் எப்படியாவது..."

"திங்கட்கிழமைவரைக்கும் முழிச்சிட்டு இருக்க நான் என்ன தெருவிளக்கா?" என்று பியூலா சோபாவில் சாய்ந்தாள். ஆனால் தலையணையைச் சரிசெய்த கை ஒரு நிமிஷம் தயங்கியது. போனால் எதற்குள் போகும், யார் வீட்டுக்கு, இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போகுமா, இங்கேயே போட்டுவிட்டுப் போகுமா என்று கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஐந்தாம் நிமிஷம் லேசாகக் குறட்டை வந்தது.

ஞானசிகாமணி கூடத்தைக் கடந்தார். அவர் வலது கை தானாக எழுந்து சுவரைத் தடவி, தூங்குகிறவளின் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியின் சுவிட்சில் போய் நின்றது. படிக்கட்டில் கைபேசிகளைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். முப்பத்து நாலு வருஷத்துக் கை. அது அங்கேயே நின்றது, நின்றது. பிறகு அவர் அதை மெல்ல எடுத்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் இறுக்கப் பிடித்துக்கொண்டு, சுவிட்சுப் பலகையை மறைத்தாற்போல ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று மணிவரை விசிறி சுற்றியது. மூன்று மணிக்குப் பியூலா கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.

வெளிச்சம் விழுந்த அத்தனை முகங்களும் அத்தனை திரைகளின் மேல் குனிந்திருந்தன.

"என்ன எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள். "இருக்கா, போயிருச்சா?"

ஜமீலா தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். நாலு கோடும் அப்படியே இருந்தன.

"அப்ப யாராவது போய்க் காப்பி போடுங்க" என்றாள் பியூலா. முதலில் எழுந்தவர் ஞானசிகாமணி. அடுப்படிக்குப் போகிற வழியில், பட்டப்பகலில், அவர் ஒரு விளக்கைப் போட்டார்.